வெள்ளைப் பாயில் நீலப் பறவை

தலத்தெரு, காரைக்கால்
9 அக்டோபர் 1983

இசபெல்லாவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைப் பிரிக்காமல் போட்டுவிடாதே. இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நான் பார்த்த பாரிசு மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ சென்னைக்கு வேலைக்குப் போன அன்று, 'படம் போட்டுப் பிழைக்கிறவளுக்கு இந்த வீட்டில் இடமில்லை' என்று சொன்னவன் நான். அதை மறந்துவிட்டு எழுதவில்லை. இன்று எனக்கு ஒரு படம் வேண்டும். உன்னை விட்டால் கேட்க ஆளில்லை.

பிரெஞ்சுக் கப்பற்படையில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்து நான் தொட்ட ஐஸ் கம்பெனியும் விளங்கவில்லை, லாரி புக்கிங்கும் விளங்கவில்லை. இப்போது புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்களைப் பாய்மரப் படகில் ஏற்றி, காரைக்கால்மேட்டிலிருந்து கோடியக்கரை வரை மூன்று நாள் கடல் வழியாகக் கூட்டிப்போவது. பகலெல்லாம் ஓட்டம், சாயங்காலமானால் கரையில் கூடாரம். மோட்டார் கிடையாது. வருகிறவர்களும் கயிறு பிடிக்க வேண்டும், துடுப்புப் போட வேண்டும். பிரான்சில் இதற்கென்றே அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள். சாகசப் பயணம் என்கிறார்கள். 'உப்புக்காற்று சாகசப் பயணங்கள்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊரில் சிரிக்கிறார்கள். கோயில் வாசலில் ஒருத்தர், "என்ன சவரி, வெள்ளக்காரனக் கூட்டியாந்து துடுப்புப் போடச் சொல்லப் போறியாமே?" என்று கேட்டார்.

பாரிசில் ஒரு பயணக் கம்பெனி அடுத்த வருடப் பட்டியலில் நம்மைச் சேர்ப்பதாக எழுதியிருக்கிறது. டிசம்பர் பதினைந்துக்குள் அச்சடித்த விளம்பரத் தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதில் ஒரு சின்னம் வேண்டும். அதே சின்னம் படகின் பாயிலும் பெரிதாக இருக்க வேண்டுமாம். இங்கே சினிமா போர்டு எழுதுகிறவரிடம் கேட்டேன். தாமரைப்பூவின் மேல் படகு நிற்கிற மாதிரி வரைந்து கொடுத்தார்.

இதுவும் போனால் நான் திரும்பவும் பிரான்சுக்குப் போய் யாருடைய சமையல்கட்டிலாவது தட்டுக் கழுவ வேண்டும். உன் அண்ணி அற்புதம் கூட வரமாட்டேன் என்கிறாள். முப்பத்தெட்டு வயதில் நாலாவதாக ஒன்றை ஆரம்பிக்க என்னிடம் தெம்பு இல்லை. பதில் எழுது. திட்டியாவது எழுது.

சவரிநாதன்


ராயப்பேட்டை, சென்னை
17 அக்டோபர் 1983

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். பிரித்த பிறகு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். கோபம் போகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் இதை லோகோ என்பார்கள். இரண்டு வருடமாகக் கல்யாணப் பத்திரிகைகளுக்கு ஓரக்கொடி வரைகிறேன். ஒரு லோகோகூட என்னிடம் வந்ததில்லை. அதெல்லாம் பெரிய ஆர்ட்டிஸ்டுகளின் மேஜைக்குப் போகும். அதனால் செய்து தருகிறேன். உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தாமரையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு சின்னம் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் புரிய வேண்டும், அரை மைல் தள்ளி நின்று பார்த்தாலும் புரிய வேண்டும். கும்பகோணத்து ஓவியக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது.

ஒன்று கேட்கிறேன். எட்டு வருடமும் நீங்கள் கப்பலில் சமையல்கட்டில்தான் இருந்தீர்கள். படகை யார் ஓட்டப் போகிறார்கள்?

இசபெல்லா


தலத்தெரு
25 அக்டோபர் 1983

இசபெல்லாவுக்கு,

சமையல்கட்டுதான். ஆனால் அதுவும் கடலில்தான் மிதந்தது.

காரைக்கால்மேட்டு முத்தையன் ஓட்டுகிறார். இருபத்தைந்து வருடம் கடலுக்குப் போகிறவர். துணைக்கு நடராசன். படகு புதிதாகக் கட்டுகிறோம். கம்பெனிக்காரர்கள் தேதியை நினைவுபடுத்தி இன்னொரு கடிதம் போட்டுவிட்டார்கள். இங்கே எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. சீக்கிரம் அனுப்பு.

சவரி


ராயப்பேட்டை
20 நவம்பர் 1983

அண்ணனுக்கு,

தனியாக ரிஜிஸ்தர் தபாலில் படம் அனுப்பியிருக்கிறேன். பதினாறு படம் போட்டுக் கிழித்த பிறகு வந்தது இது. உப்புக்காற்றின் முதல் எழுத்து 'உ'. அதை ஒரே வீச்சில் இழுத்தேன். மேலே உள்ள சுழி தலையாகவும், கீழே நீளும் கோடு விரித்த இறக்கையாகவும் மாறி, கடலில் பறக்கும் ஆலாப் பறவை ஒன்று காற்றில் சாய்ந்து போவது போல் ஆகிவிட்டது. தமிழ் தெரியாதவனுக்குப் பறவை. தெரிந்தவனுக்கு எழுத்து.

இப்போது ஒரு விஷயம். கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி வைக்க வந்தேன். வீட்டுக்கு வரவில்லை, உங்கள் வார்த்தை இன்னும் வாசலில் நிற்கிறது. ஆனால் காரைக்கால்மேட்டுக்குப் போய்ப் படகைப் பார்த்தேன். முத்தையன் பலகை இடுக்கில் பஞ்சு வைத்து அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காசியம்மா பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் முத்தையன் கேட்ட முதல் கேள்வி, "பாய்க்கு என்ன கலரு தாயி?" என்பதுதான்.

இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

"வெள்ளை மட்டும் வேணாம். பங்குனி சித்திரையில மேக்கேருந்து கச்சான் அடிக்கிறப்ப கடலு பூரா நுரையாக் கெடக்கும். அதுல வெள்ளைப் பாயி எங்க தெரியும்? செவப்போ காவியோ போட்டுவுடு. ஒண்ணு ஆச்சுன்னா தேடி வர்றவன் கண்ணுல படணும்ல. அண்ணன்கிட்டயும் சொல்லியிருக்கேன். நீயும் சொல்லு."

"படிச்ச புள்ள சொன்னாக் கேப்பாரு" என்று காசியம்மாவும் சொன்னாள்.

அதனால் பாய் முழுக்கச் செங்காவி, பறவை கறுப்பு என்று வைத்திருக்கிறேன். வெள்ளையில் நீலம், காவியில் கறுப்பு இரண்டையும் எங்கள் மொட்டை மாடியில் தொங்கவிட்டு, தெருக்கோடியிலிருந்து பார்த்தேன். நீலம் இருக்கும் இடமே தெரியவில்லை. காவி கண்ணில் அடித்தது. நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

இசபெல்லா


தலத்தெரு
27 நவம்பர் 1983

அன்புள்ள இசபெல்லா,

பறவையைச் சுவரில் சாய்த்து வைத்து, பின்னால் தள்ளித் தள்ளிப் போய்ப் பார்த்தேன். அற்புதம் எட்டிப் பார்த்து, "என்னங்க இது, புள்ளையார் சுழி போட்டு அனுப்பியிருக்கு?" என்றாள். அப்புறம் அவளுக்கும் பறவை தெரிந்துவிட்டது. உன்னை அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஆனால் காவி முடியாது. பாரிசுக்காரர் தெளிவாக எழுதிவிட்டார்: வெள்ளைப் பாய், கடல் நீலத்தில் சின்னம். அவர்கள் பட்டியலில் எல்லாப் படகும் அப்படித்தான் இருக்கிறது. காவி அழுக்காகத் தெரியுமாம், மீன்பிடிக்கிற படகு மாதிரி இருக்குமாம். போட்டோவில் எடுக்காதாம். அவரிடம் நான் எதை வைத்து வாதாடுவது?

முத்தையன் என்னிடமும் சொன்னார். நல்ல மனிதர், ஆனால் எதற்கெடுத்தாலும் பயம். தேடுகிற வேலை வந்தால்தானே நிறம் வேண்டும். என் படகைத் தேடி யாரும் வர வேண்டியிருக்காது.

பதினெட்டு நாள்தான் இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன். உன்னிடம் நான் இதற்கு முன்னால் எதையும் கெஞ்சியதில்லை. வெள்ளையில் நீலம் போட்டு உங்கள் அச்சகத்திலேயே தாளை அடித்து அனுப்பிவிடு. இது நின்றுபோனால் நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

சவரி


ராயப்பேட்டை
3 டிசம்பர் 1983

அண்ணனுக்கு,

கேட்டபடி வெள்ளையில் நீலம். ஐந்நூறு தாள் பார்சலில் வருகிறது. பாயில் தீட்டுவதற்கு அளவுக் கட்டம் போட்ட படம் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

அழகாகத்தான் வந்திருக்கிறது. நான் எடுத்துச் சொன்னேன், நீங்கள்தான் கேட்கவில்லை என்று முத்தையனிடம் சொல்லிவிடுங்கள்.

இசபெல்லா


கோடியக்கரை
26 ஏப்ரல் 1984, வியாழன்

இசபெல்லா,

தந்தி கிடைத்திருக்கும். படகு இன்னும் வரவில்லை. ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை காலை மேட்டிலிருந்து புறப்பட்டார்கள். முத்தையன், நடராசன், லியோன் ஊரிலிருந்து வந்த ஆசிரியரும் அவர் மனைவியும். நான் கூடாரத்தோடு பஸ்ஸில் முன்னால் வந்து காத்திருக்கிறேன். நேற்று மத்தியானம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். செவ்வாயிலிருந்து கச்சான் விடாமல் அடிக்கிறது. கரையில் நின்றாலே மணல் முகத்தைக் கிழிக்கிறது.

செவ்வாய் ராத்திரி தங்க வேண்டிய கரைக்கும் வரவில்லை என்று தெரிந்ததால் நேற்றே தேடுவதற்கு விமானம் அனுப்பினார்கள். இன்று காலையும் போனது. நான் கரையில் ஓடிக்கொண்டே கை காட்டினேன், அங்கே அங்கே என்று. எங்கே என்று எனக்கே தெரியாது. திரும்பி வந்தவர்கள் ஒன்றும் தென்படவில்லை என்கிறார்கள். காசியம்மா ஊரிலிருந்து வந்து இங்கே மணலில் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை.

சமையல்கட்டில் இருந்தவனுக்கு எதற்கு இந்த வேலை என்று நீ அன்றே கேட்டாய். ஜெபம் பண்ணு.

சவரி


ராயப்பேட்டை
30 ஏப்ரல் 1984

அண்ணனுக்கு,

இரண்டாவது தந்தியும் கிடைத்தது. மூன்று பேர் உயிரோடு, முத்தையன் இல்லை.

விமானம் இரண்டு தடவை படகின் மேலேயே போனதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. ஏன் பார்க்கவில்லை என்று அதில் இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் உங்கள் கையால் எழுதுங்கள்.

இசபெல்லா


தலத்தெரு
6 மே 1984

இசபெல்லாவுக்கு,

எழுதுகிறேன்.

செவ்வாய் மத்தியானம் காற்றில் சுக்கான் உடைந்தது. பாய்மரம் முறிந்து முத்தையன் இடுப்பின் மேல் விழுந்திருக்கிறது. படகு கிழக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாயை அறுத்துப் படகின் மேல் விரித்தார்களாம், வெயிலுக்கும் ஆகும், மேலேயிருந்து பார்க்கிறவனுக்கும் தெரியும் என்று. நடராசன் விசாரணையில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டாவது வாட்டி ரொம்பத் தாழ வந்துச்சுங்க. சன்னல்கூடத் தெரிஞ்சுது. நாங்க பாயப் புடிச்சு ஆட்டுறோம், கத்துறோம். சுத்திலும் ஒரே நுரைங்க. அது பாட்டுக்குப் போயிருச்சு. முத்தையண்ணன் படுத்த வாக்குலயே பாத்துக்கிட்டிருந்தாரு. 'வெள்ளை வேணாம்னு சொன்னேன்டா'ன்னாரு."

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே உயிர் போய்விட்டது. மறுநாள் காலையில் நாகப்பட்டினத்து இழுவைப் படகு ஒன்று பார்த்து இழுத்து வந்தது. ஒரு நாள் முன்னால் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

காசியம்மா மனு கொடுத்திருக்கிறாள். பாய்க்கு வேறு நிறம் போடச் சொல்லி யாராவது சொன்னார்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. வாசலில் நின்ற காசியம்மா, "பொய் சொல்றாரு ஐயா! எம் முன்னாலதான் சொன்னாரு எம் புருசன்" என்று கத்தினாள். எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று அவளைக் கேட்டார்கள். அவளிடம் என்ன இருக்கும்? அடுத்த விசாரணை இருபத்தெட்டாம் தேதி.

முத்தையன் நிறத்தைப் பற்றிச் சொன்னது எழுத்தில் இருப்பது இரண்டே இடத்தில்தான். நீ எனக்கு எழுதிய நவம்பர் கடிதம் என்னிடம். நான் உனக்கு எழுதிய பதில் உன்னிடம். அதை எரித்துவிடு. எரித்தேன் என்று ஒரு வரி எழுதினால் நானும் இங்கே எரித்துவிடுகிறேன். நான் ஜெயிலுக்குப் போனால் முத்தையன் திரும்பி வரப்போகிறாரா? அற்புதம் நாலு நாளாகச் சாப்பிடவில்லை. ஊரே எதிர்த்தபோது உன்னைக் கும்பகோணத்தில் படிக்கச் சேர்த்தவன் நான். அதற்காக இது ஒன்று செய். உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

சவரி


ராயப்பேட்டை
13 மே 1984

அண்ணனுக்கு,

உங்கள் நவம்பர் கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'என் படகைத் தேடி யாரும் வர வேண்டியிருக்காது.' அந்த வரிக்குக் கீழே நீங்கள் கோடுகூடப் போட்டிருக்கிறீர்கள்.

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஊருக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்த்தால் எரித்துவிடுவேன். அதனால்தான் இன்னும் வராமல் இருக்கிறேன்.

நான் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கெஞ்சியதால் நான் நிறத்தை மாற்றிக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே வெள்ளையில் நீலம் ஒன்று முடித்துத்தான் வைத்திருந்தேன். எங்கள் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா போட்டது? பாரிசுக்குப் போகுதா?" என்று கேட்டார். மறுவாரம் எனக்குத் தனி மேஜை கிடைத்தது. முடியாது என்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருக்க முடியும்? வேறு ஆள் தேட உங்களுக்கு நாள் இல்லை. காவியிலேயே அனுப்பியிருப்பீர்கள். எனக்கு அது தெரியும். என் பறவை பாரிசுக்குப் போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது. நீங்கள்தான் கேட்கவில்லை என்று முத்தையனிடம் சொல்லச் சொன்னேன். அந்த மனிதரிடம் நானே போய்ச் சொல்லக்கூட வரவில்லை.

இப்போது கண்ணை மூடினால் நுரை தெரிகிறது. அதற்கு மேல் நான் இழுத்த கோடு தெரிகிறது. நாலு நாளாக வேலையில் தூரிகை பிடிக்கவில்லை.

எரிக்க மாட்டேன் அண்ணா. காசியம்மா புருசனையும் கொடுத்துவிட்டு, பொய்க்காரி என்ற பேரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டுமா? இருபத்தெட்டாம் தேதி நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லவில்லை என்றால் உங்கள் நவம்பர் கடிதத்தோடு நான் வருவேன். மிரட்டுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லி, நான் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

இசபெல்லா


தலத்தெரு
30 மே 1984

இசபெல்லா,

சொல்லிவிட்டேன்.

காலையில் சட்டை மாட்டும்போதுகூடச் சொல்வதாக இல்லை. உன் நவம்பர் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, வழியில் அரசலாற்றுப் பாலத்தில் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பாலத்தில் நின்றேன். பின்னாலிருந்து காசியம்மா நடந்து வந்தாள். வெயிலில் மேட்டிலிருந்தே நடந்து வந்திருக்கிறாள். என்னைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பின்னாலேயே நானும் போனேன்.

அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். "சொன்னாங்கய்யா. முத்தையன் சொன்னாரு, இன்னொருத்தரும் எழுதினாங்க. நான்தான் கேக்கல" என்றேன். உன் கடிதத்தில் முத்தையன் சொன்னது இருந்த பக்கத்தை மட்டும் கொடுத்தேன், உன் பெயர் இருந்த கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு. சென்னையில் ஒருத்தர் வரைந்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நீ கவலைப்படாதே. பாரிசுப் பட்டியலிலிருந்து நம் பெயரை நீக்கிவிட்டார்கள். என் மேல் வழக்கு வரும். வக்கீல் ஒன்றும் நல்லதாகச் சொல்லவில்லை.

மறுநாள் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போய்க் காசியம்மாவைப் பார்த்தேன். கூடையில் மீனை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவரு சொன்னத இல்லன்னுட்டீங்களே, அதுதான் எனக்கு ஆறல. நேத்து நீங்க சொன்னதும் ஊட்டுக்குப் போய் அழுதேன். அவரு போனதுக்கு நேத்துத்தான் மொதல்ல அழுதேன். மன்னிக்கச் சொல்லி வந்திருந்தா போங்க. அது எங்கிட்ட இல்ல." கூடையைத் தலையில் ஏற்றி விடச் சொன்னாள். ஏற்றிவிட்டேன். போய்விட்டாள்.

அற்புதம் நேற்று ஒரு வாய் கஞ்சி குடித்தாள். எனக்கு இறங்கவில்லை.

சவரி


ராயப்பேட்டை
4 ஜூன் 1984

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அழுதேன். நீங்கள் சொன்னதற்காகவும் அழுதேன், என்னை விட்டுவிட்டுச் சொன்னதற்காகவும்.

'சென்னையில் ஒருத்தர்' என்று எழுதியிருப்பது சரியில்லை. அந்த ஒருத்தர் காரைக்கால்மேட்டுக்கு வந்தார், முத்தையன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதால் கேட்டார், தெருக்கோடியில் நின்று கண்ணாலும் பார்த்தார், பிறகு வெள்ளையில் வரைந்து கொடுத்தார். இதைச் சொல்ல வேண்டியவள் நான். சொன்னால் வழக்கில் நானும் சேர்வேன் என்று தெரியும். இங்கே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "உனக்கெதுக்கும்மா இந்த வம்பு" என்று கேட்டார். லீவு கேட்டதற்கு, திரும்பி வரும்போது மேஜை இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்குத்தான் வருகிறேன். அண்ணியிடம் சொல்லுங்கள், என் பங்குக்கும் சேர்த்து உலை வைக்கட்டும், நீங்களும் அன்றைக்குச் சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் முதலில் மேட்டுக்குப் போய்க் காசியம்மாவைப் பார்ப்பேன். நீங்கள் கூட வர வேண்டாம். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து விசாரணை ஆபீசுக்குப் போகலாம். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். அதை என் கையால் கொடுக்கிறேன்.

உங்கள் தங்கை
இசபெல்லா